பூம்பா மாமா

எங்கள் மாமாவைப்போலத் தன் வாசிப்பில் திருப்தி கொண்ட ஒரு வித்வானை நான் அவருக்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை. மேடையில் கைதட்டல் வாங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கச்சேரி முடிந்ததும் அவர்கள் முகத்தில் ஏதோ ஒரு குறை ஒட்டிக்கொண்டிருக்கும். மாமாவுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கல்யாணத்தில் வாசித்துவிட்டு வீடு வந்து, வாத்தியத்தை மூலையில் நிறுத்தி, கை கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்காருவார். யாரும் கேட்கமாட்டார்கள். அவராகவே, "இன்னிக்கி நான் ரொம்ப நல்லா வாசிச்சேன்க்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுப்பார்.

அவர் அம்மாவின் தம்பி. சித்தூர் ஜில்லாப் புத்தூரில் எங்கள் வீட்டோடு இருந்தார். ஊர் பேண்டு செட்டில் அவருக்கு வேலை. அந்தச் செட்டில் கிளாரினெட் இருந்தது, இரண்டு டிரம்பெட் இருந்தன, டிரம் வகைகள் இருந்தன. மாமா வாசித்தது இவற்றில் எதுவும் இல்லை. இடுப்பில் தொடங்கி உடம்பைச் சுற்றிக்கொண்டு போய், தலைக்கு மேலே வாயைப் பிளந்து நிற்கும் ஒரு பெரிய பித்தளைக் குழல் அவருடையது. பேண்டுக்காரர்கள் அதை பேஸ் என்றார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பூம்பா என்று பெயர். கிளாரினெட் பாட்டு முழுவதையும் பாடிக்கொண்டு போகும்போது, பூம்பா அடியில் நின்று பூம், பூம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு இது பெரிய மனக்குறை. மச்சான் என்று ஒருவன் பேண்டில் இருப்பதே பெருமைப்படக் கூடியதல்ல. இருந்துவிட்டான், கிளாரினெட்டாவது வாசிக்கக் கூடாதா என்பது அவர் கட்சி. ஒருநாள் சாப்பிடும்போது, அதில் மொத்தமே நாலு சத்தம்தானே வருகிறது என்று கேட்டுவிட்டார். மாமா சற்று யோசித்தார்.

"நாலும் நல்லா வருது மாமா" என்றார் நைனாவிடம்.

நைனா மோரை ஊற்றச் சொன்னார்.

செட்டின் தலைவர் கிளாரினெட் மாஸ்டர். அவர் மாமாவுக்கு நேர் எதிர். ஒல்லியான மனிதர். அவர் வாசித்தால் தெருவில் நடந்து போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். ஆனால் ஒரு கல்யாணத்தில்கூட அவர் தான் நன்றாக வாசித்ததாகச் சொல்லிக் கேட்டதில்லை. அந்த இடத்தில் மூச்சு போதவில்லை, இந்த இடத்தில் விரல் வழுக்கியது என்று திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வருவார். பந்தியில் பாதி சாப்பிட்டதும் எழுந்துவிடுவார். மாமா தன் இலையை முடித்துவிட்டு, மாஸ்டர் விட்டுப்போன வடையையும் எடுத்துக்கொள்வார்.

அத்தையின் கல்யாணத்துக்கு இந்த பேண்டு செட்தான் வாசிக்க வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். நைனாவின் தங்கை அவள். ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்து ஊர்களில் எது மதராஸோடு போகும், எது ஆந்திராவிலேயே நிற்கும் என்ற பேச்சு டீக்கடையில் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. அத்தைக்கு முதலில் பேசிய சம்பந்தம் அந்தப் பேச்சிலேயே முறிந்துபோயிருந்தது. பெண்ணின் ஊர் நாளைக்கு எந்த ராஜ்யத்தில் இருக்குமோ என்று அவர்கள் பயந்துவிட்டார்களாம். அதன் பிறகு அத்தை கிணற்றடியில் பாடுவதை நிறுத்திவிட்டாள். அதனால் கங்காதர நெல்லூரிலிருந்து இரண்டாவது சம்பந்தம் வந்து அமைந்தபோது, வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். சத்தம் போட்டால் அதுவும் ஓடிவிடும் என்பதுபோல.

மாப்பிள்ளை வீட்டார் எங்களவர்கள்தான். ஆனால் சித்தூர் பக்கம் போய் நெடுங்காலம் ஆனதில், வீட்டுக்குள்ளே தமிழும் வாசலைத் தாண்டினால் தெலுங்குமாக ஆகிவிட்டிருந்தார்கள். எங்கள் தரப்பில், திருத்தணியிலிருந்து பெரியப்பா தன் கூட்டத்தோடு வந்திருந்தார். அங்கே எல்லைச் சூடு எங்களைவிட அதிகம். பெரியப்பா தண்ணீர் கேட்டால்கூட ஏதோ தீர்மானம் வாசிப்பதுபோல இருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. பூ சுற்றிய ஒரு திறந்த காரில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். பக்கத்தில் பெண் வீட்டுச் சின்னப் பையன் ஒருவன் உட்கார வேண்டும். அந்த வயதில் எங்கள் வீட்டில் பையன் யாரும் இல்லாததால், பட்டுப்பாவாடையோடு என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. கழுத்து மாலை குத்துகிறது என்று மட்டும் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

காருக்கு முன்னால் பேண்டு. எல்லோருக்கும் பின்னால், கார் முகப்பை ஒட்டினாற்போல மாமா. மற்றவர்கள் காதுக்கு அந்தச் சத்தம் ஆகாது என்பதால் அவருக்கு எப்போதும் கடைசி வரிசைதான். அதையும் அவர் மரியாதையாகவே எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு மிக அருகில் நடக்கிறவன் நான்தான் என்பார். கண்களைப் பாதி மூடிக்கொண்டு, கன்னம் உப்ப அவர் ஊத ஆரம்பித்தபோது காரின் தகடு அதிர்ந்தது. மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் ஒரு தமிழ் சினிமாப் பாட்டை எடுத்தார். ஏரிக்கரை திரும்பும் வரை நன்றாகத்தான் போனது. அங்கே மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் முன்னால் வந்து, தெலுங்குப் பாட்டு வேண்டும் என்றார்கள். மாஸ்டர் சரியென்று பாதியில் பாட்டை மாற்றினார். உடனே பெரியப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கிளாரினெட்டுக்கு முன்னால் நின்றார்.

"இன்னும் கோடே போடல. அதுக்குள்ள பாட்டை அந்தப் பக்கம் சேத்துட்டீங்களா?" என்றார்.

மாஸ்டர் மறுபடி தமிழுக்கு வந்தார். சிநேகிதர்கள் மறுபடி மறித்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, எங்கள் பிள்ளையின் ஊர்வலத்தில் எங்கள் பாட்டு கூடாதென்றால் எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று தெலுங்கில் கேட்டார். பெரியப்பா தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையும் நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவே இல்லை. துண்டுகள் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கின. இரண்டு பக்கமும் இழுத்ததில் மாஸ்டரின் சட்டை கிழிந்தது. அவர் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். வாழ்க்கையில் ஒரு பாட்டையாவது முழுசாக வாசிக்க விட்டிருக்கிறீர்களா என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டுவிட்டு, ஓரமாகப் போய் மதகின் மேல் உட்கார்ந்துகொண்டார். டிரம்பெட்காரர்கள் பின்னாலேயே போனார்கள். டிரம்கள் நின்றன.

"பண்டி திப்பு" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா, டிரைவரிடம். வண்டியைத் திருப்பச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. டிரைவர் கியரில் கை வைத்ததையும் பார்த்தேன். சைக்கிளில் வந்த யாரோ ஒருவர் எங்கள் வீட்டுப் பக்கம் விரைந்தார். அந்தச் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், அத்தை தலையில் வைத்த பூவோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டாளாம். ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா அதைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றாளாம். இதெல்லாம் பிறகு அவர்கள் சொல்லித் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எல்லாம் நின்றுபோன பிறகும் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பூம். பூம்.

மாமா ஊதிக்கொண்டே இருந்தார். அதே பாதி மூடிய கண். அதே உப்பிய கன்னம். முன்னால் இருந்த வரிசைகள் கலைந்துவிட்டதால் அவருக்கு வழி கிடைத்திருந்தது. அவர் தன்பாட்டுக்கு நடந்தார். பெரியப்பாவுக்கும் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் நடுவில் இருந்த இடத்தை நோக்கி அந்தப் பித்தளை வாய் நகர்ந்து வந்தது. அது பெரிய வாய். இடித்தால் வலிக்கும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள். மாமா நடுவே புகுந்து, ஏரிக்கரையோடு எங்கள் தெருவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரே சண்டையில் இருக்கிறது, இந்த மனிதருக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று.

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, "அவரு உங்க மாமாவா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். இல்லையென்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளை போகிற மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரல் கார்க் கதவில் தட்டிக்கொண்டிருந்தது. பூம் வரும் இடத்தில் ஒரு தட்டு, வராத இடத்தில் இரண்டு. பிறகு சிரித்துவிட்டார். டிரைவரின் தோளைத் தொட்டு, "ஆயன எனகாலே போனி" என்றார். அவர் பின்னாலேயே ஓட்டு.

கார் திரும்பவில்லை. மெல்ல முன்னால் நகர்ந்தது. மாப்பிள்ளையே போன பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஏரிக்கரையில் நின்று என்ன செய்வார்கள். அவர்களும் நடந்தார்கள். அவர்கள் நடந்ததும், பெண் வீட்டார் பின்தங்கினால் மரியாதையில்லை என்று எங்கள் கூட்டமும் வேகமாக நடந்தது. பெரிய டிரம் அடிப்பவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓடிவந்து மாமாவின் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

மேலே பாட்டு இல்லை. அடியில் இருப்பது மட்டும் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளையின் அத்தைமார்கள் அதன் மேல் ஒரு தெலுங்குப் பாட்டை ஏற்றிப் பாட ஆரம்பித்தார்கள். அது பொருந்தியது. அதைக் கேட்டுப் பொறுக்காமல், திருத்தணிக் கூட்டத்துப் பெண்கள் ஒரு தமிழ்ப் பாட்டை இன்னும் உரக்க எடுத்தார்கள். அதுவும் பொருந்தியது. ஒருவரை ஒருவர் அமுக்கத்தான் பாடினார்கள். ஆனால் இரண்டு கூட்டமும் ஒரே பூம்முக்குக் காலெடுத்து வைத்தபோது, எங்கோ ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பரவியது. எங்கள் தெருமுனைக்கு வரும்போது யார் எந்தப் பாட்டைப் பாடுகிறார்கள் என்றே சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆடினார்கள். பெரியப்பா ஆடவில்லை, ஆனால் துண்டு மறுபடி தோளுக்கு ஏறிவிட்டது.

அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டபோதே அத்தை சுவரிலிருந்து திரும்பினாளாம். ஜன்னலுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நானே காரிலிருந்து பார்த்தேன். கண் மை கன்னம் வரை வழிந்திருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. நான் கையாட்டினேன், அவளும் திருப்பிக் கையாட்டினாள். தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு மாப்பிள்ளையும் கையாட்டினார்.

பந்தியில் பெரியப்பாவும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார்கள். ரசத்தில் காரம் குறைவு என்பதில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். நான் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாஸ்டர் தாமதமாக வந்தார். கிழிந்த சட்டையைத் துண்டால் மறைத்துக்கொண்டு, மாமாவின் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"நான் நிறுத்தினது உனக்குத் தெரியலயா?" என்றார்.

மாமா இலையிலிருந்து தலை தூக்கினார். முகத்தில் ஆச்சரியம்.

"நிறுத்தினீங்களா? எனக்கு கேட்டுக்கினேதான இருந்துச்சி" என்றார். "இன்னிக்கி ரொம்ப நல்லா வாசிச்சீங்க மாஸ்டர்."

பந்தி முழுவதும் சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.  மாமாவுக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்து இலை போடச் சொன்னார். அன்றைக்கு அவர் பாதியில் எழுந்திருக்கவில்லை. மாமாவுக்கு வடை எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த நாள் முகூர்த்தத்தில் மாஸ்டர் தமிழ்ப் பாட்டு ஒன்று, தெலுங்குப் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி வாசித்தார். யாரும் மறிக்கவில்லை. அத்தை கங்காதர நெல்லூருக்குப் போனாள். கோடு பிறகு போடப்பட்டது. பெரியப்பா மதராஸ் பக்கம் போனார், நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். போக வர பஸ் அப்படியே ஓடியது.

எங்கள் வீட்டில் நெடுநாள் அது ஒரு சிரிப்புக் கதையாக இருந்தது. தாலி கட்டுவதே நின்றுபோக இருந்தபோது மச்சானுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று, வருகிறவர்களிடமெல்லாம் நைனா சொல்வார். அப்போதெல்லாம் மாமா சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவ்வளவு பெரிய குழலைக் காதருகே வைத்து ஊதி ஊதி, பாவம், மாமாவுக்குக் காது போய்விட்டது. பெரியவர்கள் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. அதனால் அவரிடம் எதைச் சொன்னாலும் நான் கத்திச் சொல்ல ஆரம்பித்தேன். "மாமா, சோறு ரெடி" என்று அவர் முகத்துக்கு நேரே கத்துவேன். அவரும் காதைக் கையால் குவித்து, கவனமாகக் கேட்டு, அதே சத்தத்தில் "வரேன்" என்று கத்துவார். இப்படியே பல மாதங்கள் நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். ஒருமுறைகூட அவர் என்னைத் திருத்தவில்லை.

தலைதீபாவளிக்கு அத்தையும் அத்தை வீட்டுக்காரரும் வந்திருந்த சமயம். சமையலறையில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பானையில் இன்னும் இரண்டு அதிரசம் இருக்கிறது, யாருக்கும் சொல்லாதே, எனக்கே கொடு என்று காதோடு காதாகக் கேட்டேன். கூடத்தில் பூம்பாவைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா, திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவு வழியாகக் கையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"எனக்கு ஒண்ணு" என்றார்.

காது போனவர்களுக்கு மூக்கு கூர்மையாகிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு அதிரசத்தை அந்தக் கையில் வைத்தேன்.