மூன்று சோடி சப்பாத்தும் ஒரு எல்லையும்

ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர்களில் எங்கள் வரதராசா அத்தானைப் போல வழி பார்க்கிற மனிதர் இன்னொருவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கடைக்குப் போய் மல்லி வாங்கிவரச் சொன்னாலும், எந்தத் தெருவில் திரும்பினால் ஒரு சிக்னல் குறையும் என்று யோசித்துத்தான் காரை எடுப்பார். என் வீட்டுக்காரர் கார் ஓட்டும்போது பின்சீற்றில் இருந்துகொண்டு "இதால ஏன் வாறியள்?" என்று கேட்டே அந்த மனுசனின் உயிரை வாங்குவார். அப்படிப்பட்டவர் ஆபிரிக்காவுக்குப் போட்ட வழியைப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

அத்தானின் மனைவி மங்களேஸ்வரி என் அக்கா. அறுபது வயது வரப்போகிறது. அவளுக்கு ஒரேயொரு ஆசை. பொட்ஸ்வானாவில் சோபே ஆற்றில் யானைகள் கூட்டமாக இறங்கித் தண்ணீர் குடிப்பதை நேரில் பார்க்கவேண்டும். தொலைக்காட்சியில் எத்தனையோ தரம் பார்த்துவிட்டாள். மகள் ஹம்சிகா "அம்மா, இந்த முறை போறம்" என்று சொல்லி, தென்னாபிரிக்காவில் குறூகர் காடு, சிம்பாப்வேயில் விக்ரோறியா நீர்வீழ்ச்சி, கடைசியாகச் சோபே என்று மூன்று இடம் பிடித்தாள். ஒட்டிக்கொண்டு போக நானும் ஆயத்தம். வழி போடுகிற வேலையை அத்தானிடம் விட்டோம். வேறு யாரிடம் விடுவது?

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் அவர்கள் வீட்டுக் குசினி மேசையில், ஒரு ஞாயிறு மத்தியானம், அவர் கணினியைத் திறந்து காட்டினார். நீர்வீழ்ச்சியிலிருந்து சோபேக்குப் போக, தெற்கே யொஹான்னஸ்பேர்க்குக்குத் திரும்பப் பறந்து, அங்கே ஒரு இரவு தங்கி, மறுபடி வடக்கே பறக்கவேண்டுமாம்.

ஹம்சிகா வரைபடத்தைப் பெரிதாக்கினாள். "அப்பா, இது சுத்த துல்," என்றாள். மடைத்தனத்துக்கு நோர்வேக்காரர் சொல்கிற சொல் அது. "நீர்வீழ்ச்சியில இருந்து அங்கை ரோட்டால ரெண்டு மணித்தியாலம் கூட இல்லை. வான் ஒண்டு பிடிச்சுப் போய், எல்லையில இறங்கி, முத்திரை குத்திப்போட்டுப் போகலாம்."

"ரோட்டு வேண்டாம்."

"ஏன்?"

"காட்டு ரோட்டு. நம்பேலாது."

பனியிலும் சறுக்கலிலும் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் சொல்கிற காரணமா இது? ஹம்சிகா விடவில்லை. நேர்வழியைத் தானே போட்டுக் காட்டினாள். அத்தான் கணினியை மூடினார்.

"அப்ப நீங்கள் மூண்டு பேரும் போங்கோ. நான் வரேல்லை."

அக்கா அடுப்படியில் நின்றவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. "அவர் வராட்டி நானும் போகேல்லை. ரிக்கற் போடாதை பிள்ளை," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கறியைத் துழாவிய அகப்பை நின்றுவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பழையதெல்லாம் ஞாபகம் வரும். "நீங்கள் சுவீடனுக்கும் வாறேல்லைத்தானே, அத்தான்," என்றேன்.

ஒஸ்லோவில் எனக்குத் தெரிந்த தமிழர் எல்லோரும் இடைக்கிடை காரில் எல்லை தாண்டிப் போய் மலிவாக இறைச்சியும் கோழியும் கட்டிக்கொண்டு வருவார்கள். அத்தான் ஒருநாளும் போனதில்லை. கேட்டால் வேலை என்பார். ஒஸ்லோவிலேயே, குறொன்லாண்டுக் கடைகளில் கூடின விலைக்கு வாங்குவார். கஞ்சத்தனம் தெரியாத மனுசன் என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம்.

"பிளேனில எங்கையும் வாறியள். லண்டனுக்கு வந்தனியள், கனடாவுக்கு வந்தனியள். ரோட்டால நீங்கள் ஒரு நாடு தாண்டி நான் காணேல்லை."

சொன்னபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

அத்தான் கணினியின் மூடியைத் தடவினார். பிறகு சொன்னார். எண்பதுகளில் ஏஜென்சிக்காரன் அவரை ஐரோப்பாவுக்குள் கொண்டுவந்தபோது ஒரு எல்லையில் பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். இவரை மட்டும் இறக்கி ஒரு அறைக்குள் கூட்டிப்போனார்கள். கள்ளப் பாஸ்போட்டைப் பறித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறாரா என்று அடியை வெட்டிப் பார்த்தார்கள். பிறகு வந்த பக்கமே நடந்து போ என்று விட்டுவிட்டார்கள். பனிக்காலம். காலில் ஒன்றும் இல்லை.

"இப்ப கையில நோர்வேச் சிவப்புப் பாஸ்போட் இருக்கு. எல்லாம் தெரியும்," என்றார். "ஆனா ரோட்டில தடி போட்டு மறிச்சு, யூனிபோமோட ஒருத்தன் வந்து இறங்கு எண்டா, எனக்குக் கால் விறைக்குது, யோகம்."

அவருடைய வேலைப் பையில் எப்போதும் ஒரு சோடி சப்பாத்து கூடுதலாக இருக்கும். மழைக்கு என்று நினைத்திருந்தோம்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவளுக்கும் இது புதிது. அழவில்லை. "அந்தச் சப்பாத்து என்ன நிறம்?" என்று கேட்டாள்.

"மண்ணிறம். கொழும்பில வாங்கினது. புதுசு."

"வடிவா இருந்ததோ?"

"நல்ல வடிவு," என்றார் அத்தான். அவர் முகம் இளகியதைப் பார்த்து எங்கள் மூன்று பேருக்கும் உயிர் வந்தது. அன்றைக்கு எல்லோரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் அவரே ஹம்சிகாவுக்கு நேர்வழியை அனுப்பியிருந்தார். எந்த நேரத்துக்குப் போனால் எல்லையில் வரிசை குறைவு என்றும் கீழே எழுதியிருந்தார்.

ஓகஸ்டில் போனோம். குறூகரில் சிங்கம் பார்த்தோம், நீர்வீழ்ச்சியில் நனைந்தோம். ஆனால் எனக்கு அந்த எல்லை நினைவாகவே இருந்தது. வான் அங்கே போய் நின்றது. அத்தான் தானாகவே இறங்கினார். பொட்ஸ்வானாப் பக்கத்தில் பாஸ்போட் பார்த்த பெண் தலை நிமிராமலே முத்திரை குத்தித் தந்தாள். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

வெளியே வந்தோம். யூனிபோம் போட்ட உயரமான உத்தியோகத்தர் ஒருவர் கையை நீட்டி அத்தானின் காலைக் காட்டினார். "சப்பாத்து," என்றார் ஆங்கிலத்தில்.

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்தாள். அந்த உத்தியோகத்தரோடு சண்டைக்குப் போக நான் வாயைத் திறந்துவிட்டேன். நல்ல காலம், வான் சாரதி முந்திக்கொண்டார். அந்த நாட்டு மாடுகளுக்கு வெளியிலிருந்து நோய் வரக்கூடாதாம். உள்ளே வருகிற எல்லோரும் மருந்துத் தண்ணீர் ஊறிய பாயில் சப்பாத்தோடு மிதித்துவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான்.

அத்தான் மிதித்தார். போதும் என்ற பிறகும் இன்னொரு தரம் மிதித்தார்.

பையில் வேறு சப்பாத்து இருக்கிறதா என்று உத்தியோகத்தர் கேட்டார். அத்தான் பையைத் திறந்தார். ஒவ்வொன்றாக மூன்று சோடி எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தார். உத்தியோகத்தர் சப்பாத்துகளைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், பிறகு சாரதியிடம், "இவருக்கு எத்தனை கால்?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது அத்தான்தான். நிறுத்த முடியாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

பின்னேரம் படகில் போனோம். யானைகள் குட்டிகளோடு ஆற்றில் இறங்கின. அக்கா இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் என் பக்கம் சரிந்தார்.

"யோகம், நீர் அடுத்த முறை எப்ப சுவீடனுக்குப் போறீர்?" என்று கேட்டார். "காரில எனக்கும் ஒரு இடம் வையும்."