மூன்றாவது பெட்டியின் இரைச்சல்

பருத்திப்பட்டு வடிவுக்கு வாய்ப்பேச்சில் நம்பிக்கை கிடையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் திருகாணிக்கு அளவு பார்க்கிறவள். மணவறையிலேயே மாப்பிள்ளையின் உயரத்தை டேப் வைத்து அளந்தாளாம், செய்யக்கூடியவள்தான்.

அவள் வளர்த்த மூன்று தேன்பெட்டிகளில் இரண்டிலிருந்து ஈக்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயின. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று, மிஞ்சிய பெட்டிக்குச் சென்சார் பொருத்தினாள். எடை, சூடு, இரைச்சல் மூன்றையும் அது கைப்பேசிக்குச் சொல்லும். வாரம் முழுக்க அடங்கிக் கிடக்கும் இரைச்சல் கோடு, வெள்ளிக்கிழமை இராகு காலம் முடிந்த கையோடு எகிறியது. வெயில்தான் என்று ஈரச்சாக்குப் போட்டாள். அடுத்த வெள்ளியும் எகிறியது.

மூன்றாம் வெள்ளி அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்குக் கிளம்பினாள். திருமுல்லைவாயில் தாண்டி ரயில் சிக்னலில் நின்றபோது கைப்பேசி அலறியது: ‘ஈக்கூட்டம் பெட்டியை விட்டுக் கிளம்பலாம்.’

நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டிலிருந்த கணவன் ஜானகிராமனை அழைத்தாள்.

“ஏங்க, பெட்டிகிட்ட போய்ப் பாருங்க, இன்னா ஆவுது?”

“அங்கதான் கீறேன். சும்மா பாடிகினு கீது.”

கோடு ஏறியது.

“இன்னும் கிட்ட போங்க!”

“போய்கினேதான் கீறேன்.”

அவள் ‘கிட்ட’ என்னும்போதெல்லாம் ஏறியது. அந்தப் பக்கம் லொக்கு லொக்கென்று இருமல்.

“இன்னாத்துக்கு இருமுறீங்க?”

“சாம்பிராணி, வடிவு. வாராவாரம் ஊட்டுக்குக் காட்டிட்டு பொட்டில கீற நம்ம ராணியம்மாவுக்கும் காட்டுவேன். கண்ணு பட்டுத்தானே ரெண்டு பொட்டி போச்சு?”

“யோவ்! நெருப்புன்னு நெனச்சி தேனக் குடிச்சிட்டு ஓடிடும்யா! தண்ணில போடு அத!”

“சாமிக்குக் காட்டுனத எப்டிம்மே தண்ணில போடுறது?”

“நான் வந்தா உன்னப் போடுவேன்!”

பதிலுக்குப் பெரிய இரைச்சல்தான் கேட்டது. எடைக்கோடு சரிந்தது.

அவள் ஓடி வந்தபோது ஈக்கள் முருங்கைக் கிளையில் கொத்தாகத் தொங்கின. கீழே ஜானகிராமன் மூச்சுவிடாமல் நின்றான்; மீசையில் ஓர் ஈ. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கொத்து பறந்துவிடும். சிறகு நனைந்தால் பறக்காது என்று தண்ணீர் தெளித்தாள். காலிப் பெட்டியை அடியில் பிடித்துக் கிளையை ஓர் உலுக்கு உலுக்கினாள். எடைச் சென்சார் மேல் வைத்தாள். ராணி உள்ளே விழுந்திருந்தால் மற்றவை பின்னால் போகும். வெளியே விழுந்திருந்தால்?

காற்றில் திரிந்த ஈக்களைப் பார்க்கத் துணிவில்லாமல் கைப்பேசியையே பார்த்தாள். எண் அசையவில்லை. பிறகு ஒரு கிராம் கூடியது. இன்னும் ஒன்று. அப்புறம் நிற்காமல்.

“இன்னா சொல்லுது?” என்றான் உதடு அசையாமல்.

“எல்லாம் உள்ள போவுது. நீ மட்டும் வெளியவே நில்லு.”