வாளிக்கடியில் ஒரு பாக்கெட்

நான் சிகரெட்டை விட்டதற்கு டாக்டர் காரணமில்லை, கர்த்தரும் காரணமில்லை. என் மச்சானின் மீசைதான் காரணம்.

லெந்து காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், புகையை விட்டுவிட்டதாகச் சொன்னேன். எங்கள் சபையில் அந்த நாட்களுக்கு ஆளுக்கொன்றை விடுவது வழக்கம். ஈஸ்டரன்று அதை மறுபடி பிடித்துக்கொள்வதும் வழக்கம். என் மனைவியின் தம்பி அத்தனை பேர் முன்னாலும் சிரித்தான்.

"இன்னா மாமா, போன வருசமும் இதானே சொன்னீங்க? ஈஸ்டர் சாப்பாடு முடிஞ்சி நீங்க ஊதலைன்னா நான் மீசைய எடுத்துக்கிறேன், போங்க."

தவறாமல் மை பூசி அவன் வளர்க்கும் மீசை அது. அந்த நிமிடமே அது எனக்கு வேண்டும் என்றாகிவிட்டது.

சுரங்கத்தில் நான் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவன். வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்காமல் போனால் அது மிஸ்ஃபயர். அங்கே சிவப்புத் துணி கட்டிவிட்டு, அதிகாரி சொல்லும்வரை எவனும் கிட்டே போகக் கூடாது. அவசரப்பட்டுப் போனவர்களைக் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் படுக்கவைத்து மேலே அனுப்பியிருக்கிறேன். புகை ஆசைக்கும் அதே விதியைப் போட்டேன். காபி குடித்ததும் அது வரும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத நாளில் மச்சானின் மொட்டை உதட்டை மனதில் வரைந்து பார்ப்பேன். ஜெபத்தைவிட அது நன்றாக வேலை செய்தது.

ஈஸ்டர் மதியம், எங்கள் வீட்டில் பிரியாணி முடிந்ததும், மச்சான் என் தட்டருகே ஒரு சிகரெட் பாக்கெட்டை வைத்தான்.

"லெந்து முடிஞ்சிச்சி மாமா. எடுங்க."

வாயெல்லாம் எச்சில். கை தானாக நீண்டது. பாக்கெட்டை எடுத்தேன்; அவன் முகம் மலர்ந்தது. அதை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்து, வாளியைக் கவிழ்த்து, மேலே ஒரு சிவப்புத் துண்டைப் போட்டேன்.

"இன்னா மாமா இது?"

"மிஸ்ஃபயர். நான் சொல்ற வரைக்கும் எவனும் கிட்ட வரக் கூடாது. நீயும் அண்டர்கிரவுண்ட்ல இருந்தவன்தானே?"

சிரித்தான். பிறகு சட்டைப் பையைத் தடவினான். சிரிப்பு நின்றது. அவனிடம் இருந்ததே அந்த ஒரு பாக்கெட்தான். எங்கள் லைன் வீடுகளுக்கு இருக்கும் ஒரே பெட்டிக்கடைக்காரரும் சபைக்காரர்; ஈஸ்டரன்று கடை கிடையாது.

முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு."

"ரூல்ஸ் ரூல்ஸ்தான், மச்சான்."

"உக்காருடா டேய்," என்றாள் என் மனைவி. "இவனுக்கு இப்பதான் லெந்து ஆரம்பிச்சிருக்கு."

அவன் தவிப்பதை ரசித்துக்கொண்டிருந்ததில், என் ஆசை எப்போது அடங்கியது என்றே தெரியவில்லை. போதும் என்று தோன்றியபோது வாளியைத் தூக்கினேன். பாய்ந்து எடுத்து ஒன்றை வாயில் வைத்தான்.

"தீப்பெட்டி?"

உள்ளே போய்த் தீப்பெட்டியைக் கொண்டுவந்தேன். கூடவே ரேசரையும்.

இன்றும் சில காலைகளில் ஆசை வருகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த லைனுக்கு நடந்து போய், அவன் உதட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.