சின்ன மாமாவின் அசல் லைட்டர்கள்

அசல் லைட்டரைக் கையில் காசு இருக்கிற எவரும் வாங்கிவிடலாம். போலிகளைச் சேர்ப்பதற்குத்தான் கண் வேண்டும். அந்தக் கண் எனக்குப் பத்து வயதிலேயே வாய்த்திருந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அறுபதுகளில், கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் வாப்பா கடை வைத்திருந்தார். சோப்பும் சிகரெட்டும் வாங்க வரும் கப்பல்காரர்கள் பழுதான லைட்டர்களை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். எல்லாம் பேர்பெற்ற அந்த அமெரிக்க லைட்டரைப் பார்த்துச் செய்தவை. பெட்ரோல் ஊற்றி, கல் மாற்றி, ஆயுசு முழுக்க வைத்துக்கொள்கிற ஜாதி. ஒன்றுக்குக் கீல் தளர்ந்து மூடி தலையாட்டும். இன்னொன்றைக் கழற்றினால் உள்ளேயிருந்து அழுக்குப் பஞ்சு பிதுங்கும். ஒரு பிஸ்கட் டின் நிறைய அவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். பெண்பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு என்று உம்மா அலுத்துக்கொள்வாள். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அசலை ஒரே ஒருமுறை ஒரு மாலுமியின் கையில் பார்த்திருக்கிறேன். அவர் பற்றவைத்து நீட்டி, ஊது என்று சைகை காட்டினார். கன்னம் வலிக்க ஊதினேன். சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்ததே தவிர அணையவில்லை. என் டின்னில் இருந்தவையோ ஒரே ஊதலில் அணைந்துவிடும். அன்றிலிருந்து அதுதான் என் பரீட்சை.

அந்த வருஷம் சின்ன மாமா, உம்மாவின் தம்பி, பினாங்கிலிருந்து வந்தார். கப்பலேறிப் போய்ச் சம்பாதித்துத் திரும்புகிறவரைச் சபுராளி என்போம். சபுராளி ஊர் வந்தால் உறவுக்காரர் ஒருவர் விடாமல் கையில் ஏதாவது கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டால் அந்த மனஸ்தாபம் அடுத்த சபர் போய்த் திரும்பும் வரைக்கும் நீளும். மாமா ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு லைட்டர் கொண்டுவந்திருந்தார். பினாங்கில் சூப்பர்வைசர் என்று சொல்லிச் சிதம்பரத்தில் அவருக்குப் பெண் பேசிக்கொண்டிருந்ததால் அங்கேயும் போய்ப் பெண்ணின் வாப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

நிச்சயம் பேச ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று உம்மா வேண்டாத தர்கா இல்லை. நெய்ச்சோறு சாப்பிட்டு முடித்து ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். உம்மாவும் மற்ற பெண்களும் திரைக்குப் பின்னால் நின்றார்கள். பெண்ணின் தாய்மாமன் சிகரெட்டை எடுத்துப் பையிலிருந்த லைட்டரால் பற்றவைத்தார். வாப்பாவும் தம்முடையதை எடுத்தார். இரண்டும் ஒரே அச்சு.

"என்னோடது அசலாச்சே, அதே மாதிரி உங்ககிட்ட எப்படி?" என்றார் தாய்மாமன்.

"என்னோடதுதான் அசல்" என்றார் வாப்பா. "'மத்தவங்களுக்கு டூப்ளிகேட்தான் கொடுத்தேன், வெளிய காட்டிக்காதீங்க'ன்னு சொல்லித்தான் கொடுத்தான்."

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு."

வாப்பா அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "எங்க வீட்ல இதுக்கு ஒரு டாக்டரே இருக்கு. வாம்மா, பாத்துச் சொல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாப்பாவின் லைட்டரை ஏற்றச் சொன்னேன். ஊதினேன். அணைந்தது. தாய்மாமனுடையதை ஊதினேன். அதுவும் அணைந்தது. "ரெண்டுமே டூப்ளிகேட்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

சிலர் சிரித்தார்கள். தாய்மாமன் சிரிக்கவில்லை. "லைட்டர்லயே இவ்ளோ பொய்யின்னா, பினாங்குல சூப்பர்வைசர்ங்கறதும் இதே கதைதானா? இவரை நம்பியா பொண்ணு கொடுக்கப் போறோம்?" என்றார்.

சின்ன மாமா பாயின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையைப் பிடித்திருந்த உம்மாவின் விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. எனக்கோ இன்னும் ஒரு லைட்டர் பாக்கி என்பதுதான் கவலை. பெண்ணின் வாப்பாவிடம் போய், "உங்களோடது, மாமா?" என்றேன்.

அவர் சிதம்பரத்தில் பட்டு ஜவுளி வியாபாரம் செய்பவர். என்னை ஒரு பார்வை பார்த்தார். சின்ன மாமாவை அதைவிடக் கொஞ்சம் நீளமாகப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து ஏற்றி, மற்றக் கையைச் சுடரைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, "ஊதும்மா" என்றார்.

ஊதினேன். காற்றெல்லாம் அவர் புறங்கையில் பட்டுத் திரும்பி என் முகத்திலேயே அடித்தது.

"கைய எடுங்க மாமா! கைய எடுத்தாத்தான் தெரியும்!"

"எதுக்கு எடுக்கணும்? காத்தடிச்சா இப்படித்தான் புடிச்சுக்கணும். இது அசல்தான்" என்றவர் தாய்மாமன் பக்கம் திரும்பினார். "உங்களோடதும் அசல்தான் மச்சான். இந்தப் புள்ளைக்கு மூச்சு ஜாஸ்தி, அவ்ளோதான். நிச்சயத்துக்குத் தேதி சொல்லுங்க."

மூடியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூடிய சத்தத்திலேயே அது போலி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன். வாப்பா என்னைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டார். சிறிது நேரத்தில் வெளியே சர்க்கரைத் தட்டு சுற்றி வந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவர்கள் வண்டியேறியதும் உம்மாவிடம் போய் முறையிட்டேன். அந்தச் சிதம்பரம் மாமாவுக்கு அசலும் தெரியவில்லை, போலியும் தெரியவில்லை, யார் எதைக் கொடுத்தாலும் நம்பிவிடுகிறார், இவர் எப்படித்தான் பட்டு வியாபாரம் செய்கிறாரோ, பாவம் அவர் மகள் என்றேன். உம்மா என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஏமாளி மனிதரை நினைத்து அவளுக்கும் என்னைப் போலவே மனசு கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டு நான் அவளைத் தேற்றினேன்.