மதகில் நின்றுபோன பாட்டு

கும்பகோணத்து எலக்ட்ரீஷியன் கார் பாட்டு செட்டின் கறுப்பு எர்த் வயரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "பெயிண்ட் மேலயே திருகு போட்டிருக்காங்க, இரும்பத் தொடவே இல்ல. யாரு மாட்டினது இத?" என்றார். பேனாக்கத்தியால் நான்கு முறை சுரண்டினார். தகரம் பளிச்சென்று தெரிந்தது. வயரை வைத்துத் திருகை முடுக்கினார். அவ்வளவுதான் வேலை. இந்த நாலு சுரண்டலைச் செய்யாமல்தான் ஒரு மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டோம்.

அந்தச் செட்டைப் பதினோரு வருஷத்துக்கு முன் வாங்கி வந்தவன் என் கொழுந்தன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. லீவில் வந்தவன் காரை வாசலில் நிறுத்தி, பழைய ரேடியோவைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தானே மாட்டினான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பாட்டு கணீரென்று வந்தது, கார் வாசலில் நிற்கும்வரை. ரோட்டில் ஏறி முதல் வாய்க்கால் மதகில் குலுங்கியதும் நின்றுபோனது. கொஞ்ச தூரம் போனால் தானாக வரும், அடுத்த மதகில் மறுபடி போகும். எங்கள் பக்கம் மதகுக்கா பஞ்சம்?

சிங்கப்பூர் சாமான் மக்கர் பண்ணுமா? சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளைதான் தப்பாக மாட்டுவானா? ஆகவே தப்பு டிரைவர் அண்ணனுடையது என்று ஆயிற்று. பதினாலு வருஷம் எங்கள் காரை ஓட்டியவர். என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். சாவு விழுந்த வீட்டைக் கடக்கும்போது பாட்டை அணைத்துவிடுவது அவர் வழக்கம். வாசலில் பந்தலும் நாற்காலிகளும் கண்ணில் பட்டாலே அவர் கை போய்விடும். அந்த நல்ல குணத்தையே கொழுந்தன் சாட்சியாகப் பிடித்துக்கொண்டான். இவருக்குப் பாட்டே ஆகாது, வேண்டுமென்றே அணைக்கிறார் என்று வீடு முழுக்கச் சொன்னான். அண்ணன் பொறுமையாகச் செட்டில் ஒளிரும் கடிகாரத்தைக் காட்டினார். "நான் அணைச்சா மணி அது பாட்டுக்கு ஓடும் தம்பி. இது ஒவ்வொரு தடவையும் பன்னெண்டுக்குப் போயிடுது பாருங்க. எர்த் புடிக்கல. கழட்டிப் பாத்துடலாம்." இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்ல முடியும்? "நீ வண்டிய ஓட்டு, அது போதும்" என்றான், தன் அப்பா வயதுக்காரரைப் பார்த்து.

பிறகு கொழுந்தனுக்குப் பெண் பேசி முடிக்கத் திருவாரூர் போனோம். கோயிலுக்குப் போய் வரலாம் என்று பெண்ணின் தாய்மாமனை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். கொழுந்தன் பின்னாலிருந்து செட்டின் பெருமையை அளந்துகொண்டே வந்தான். ஒரு மதகு வந்தது, பாட்டு நின்றது. சிங்கப்பூர் செட்டுக்கு மூச்சு வாங்குகிறதோ என்று தாய்மாமன் சிரித்தார். அது போதாதா இவர்களுக்கு? வீடு திரும்பியதும் வாசலிலேயே வைத்து மாமனார் கார் சாவியைக் கேட்டார். தான் செட்டைத் தொடவே இல்லை என்றார் அண்ணன். அவர் கை செட்டுக்குப் போனதை யாராவது பார்த்தீர்களா என்று மாமனார் எங்களைக் கேட்டார். நான் பின்சீட்டில் நடுவில்தான் இருந்தேன். அவருடைய இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்ததைப் பார்த்தேன். கொழுந்தன் காரியம் கெட்டுவிடும், மாமனார் முகம் சுருங்கும், எனக்கு எதற்கு வம்பு என்று வளையலைத் திருகிக்கொண்டு நின்றேன். அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். எதை நினைத்தாலும் ஆறுகிறது, இது மட்டும் ஆறவில்லை.

அடுத்த வாரம் என் கணவர் ஓட்டும்போதும் அதே மதகில் பாட்டு நின்றது. கொழுந்தன் விமானம் ஏறியதும், செட் கெட்டுவிட்டது என்று சொல்லி அணைத்தே வைத்துவிட்டார்கள். வெட்கம் கெட்டவர்கள், நானும்தான். சொன்ன பேச்சு கேட்காத டிரைவர் என்று ஊரில் பேர் கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் கார் கொடுக்கவில்லை. இந்த வருஷம் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வர அந்தக் கார் என் கைக்கு வந்தது. வழிக்குப் பாட்டு வேண்டும் என்றுதான் கும்பகோணம் போனேன்.

அங்கிருந்து நேரே டிரைவர் அண்ணன் காவலுக்கு இருக்கும் அரிசி ஆலைக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எர்த்துதான் அண்ணே, நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். பெரிய நியாயம் வாங்கி வந்தவள்போல் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும்மா. உங்களுக்குந்தான் தெரியும். கண்ணாடில உங்களப் பாத்தேன், என் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நீங்க சொல்லுவீங்கன்னுதான் சாவிய ஒடனே குடுக்காம நின்னேன்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, லாரி வருகிறது என்று கேட்டைத் திறக்கப் போனார்.

திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு மதகிலும் கார் குலுங்கியது. பாட்டு எங்கேயும் நிற்கவில்லை. கடிகாரம் சரியான மணியைக் காட்டிக்கொண்டிருந்தது.