பெயர் எழுதாத ஜெபக் குறிப்பு

என்னை நம்பி ஒருவன் சொன்ன ரகசியத்தை நான் ஜெபக் குறிப்பாக எழுதிச் சபைப் பெட்டியில் போட்டேன். பெயர் எழுதவில்லை. அதையே பெரிய நேர்மை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஷீட் போட்ட ஒரு ஹாலில் எங்கள் சபை கூடும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் கால்வலி, விசா, குடிகாரக் கணவன் என்று தங்கள் பாரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதை மைக்கில் வாசிப்பார்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். அடுத்தவன் வீட்டுக் கதையை வாயால் சொன்னால் புறங்கூறுதல். சீட்டில் எழுதினால் ஆத்தும பாரம். இந்தத் தந்திரத்தை இருபது வருஷம் நானும் செய்திருக்கிறேன். நான் அங்கே மூப்பன், பாஸ்டரோடு சேர்ந்து சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவன். இரும்பாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை, வேதியியலில் முதுகலை. படிக்காதவன் செய்த தவறு என்று யாரும் எனக்குச் சலுகை தர வேண்டாம்.

ரகசியம் சொன்னவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என் ஆலையிலேயே சூப்பர்வைசர். சபையில் கீபோர்டு வாசிப்பான். அப்பா இல்லை. அம்மாவும் சபையும்தான் அவனுக்கு இருந்த உலகம்.

2009இல், ஆணும் ஆணும் விரும்பிச் சேர்வது குற்றமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஞாயிறே எங்கள் பாஸ்டர் இதே பாவத்துக்காகச் சோதோம் என்ற ஊர் எரிந்து அழிந்ததாகச் சொல்லும் பைபிள் கதையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் கத்தினார். ஆமென் சொன்னவர்களில் என் குரல்தான் பெரிது. ஆராதனை முடிந்ததும் அவன் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடைக்குப் போனான்.

"அங்கிள், பாஸ்டர் திட்டுனாரே, அந்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அம்மா பொண்ணு பாத்துக்கினு இருக்குது. ஒரு பொண்ணு வாழ்க்கைய கெடுக்க எனக்கு மனசு வரல. இன்னா பண்றதுன்னும் தெரில. உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்றேன்."

"ஜெபிக்கிறேன்பா," என்றேன்.

"நீங்க வேற இன்னா சொல்லுவீங்க," என்று சிரித்தான். "ஊட்டுல தனியா ஜெபிங்க அங்கிள். பெட்டில போட்றாதீங்க."

ஐந்து நாள்தான் தாங்கினேன். "இசை ஊழியத்தில் இருக்கும் ஒரு வாலிப சகோதரர் சோதோமின் பாவத்திலிருந்து விடுதலை பெற" என்று எழுதிப் போட்டேன். டிரம்ஸ் வாசித்தவருக்கு அறுபது வயது. இசை ஊழியத்தில் வாலிபன் என்று இருந்தது அவன் ஒருவன்தான். இது எனக்குத் தெரியாதா? தெரியும்.

பாஸ்டரே வாசித்தார். பெண்கள் பக்கத்தில், முன்வரிசைப் பாயில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் உயர்த்தி, யாரோ பெற்ற அந்தப் பிள்ளைக்காக அழுது ஜெபித்தார். பக்கத்தில் இருந்தவள் ஜெபிப்பதை நிறுத்திவிட்டுக் கீபோர்டு பக்கம் பார்த்தாள். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். அந்த அம்மாவும் திரும்பிப் பார்த்தார். உயர்ந்த கைகள் மெல்ல இறங்கின. ஜெபத்துக்கு அடியில் தாழ்வாக ஓடிக்கொண்டிருந்த கீபோர்டு நின்றது.

அவனைக் கீபோர்டிலிருந்து இறக்கினார்கள். மூன்று வெள்ளிக்கிழமை நடுவில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் ஊற்றி, "அசுத்த ஆவியே, வெளியே போ" என்று காதுக்குள் கத்தினார்கள். நானும் கத்தினேன். வெளியே போனது அவன்தான். வேலையை விட்டு, மீஞ்சூரில் அறை எடுத்துக்கொண்டான்.

அதே ஹாலில், அதே மாதம், கார் கேட்டு வாங்கிய மாப்பிள்ளைக்குக் கை வைத்து ஆசீர்வதித்தோம். மனைவியின் பல்லை உடைத்தவன் எங்களோடு மூப்பனாக உட்கார்ந்திருந்தான். அவர்கள் தலையில் யாரும் எண்ணெய் ஊற்றவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. யாருக்கும் கெடுதல் செய்யாத ஒருவனிடம்தான் எங்கள் பரிசுத்தம் எல்லாம் வீரம் காட்டியது. பாஸ்டரை மட்டும் திட்டித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

ஏழு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு, கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஆட்கள் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் மைக்கை வாங்கினேன். "அந்தச் சீட்டை எழுதினது நான். அந்தத் தம்பி பாவம் செய்யல. நம்பிக்கைத் துரோகம் செஞ்ச நான்தான் பாவி," என்றேன். மைக்கை அணைத்தார்கள். அணைத்த பிறகும் பேசினேன். அன்று மாலையே மூப்பர் பதவி போனது. மனசு லேசானது என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மறுவாரம் மீஞ்சூர் போய் அவன் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிடவில்லை.

"கேள்விப்பட்டேன் அங்கிள். மொதல்ல வெள்ளிக்கெழம வர்ற பாதி சபைக்குத்தான் தெரியும். மிச்ச பேருக்கும் நீங்களே சொல்லிட்டீங்க. அம்மா சர்ச்சுக்குப் போறதயே நிறுத்திடுச்சி."

"மன்னிப்பு கேக்கத்தான்பா அங்க பேசினேன்."

"மைக் இல்லாம உங்களுக்கு எதுவுமே வராதா?"

அவன் கதவில் கை வைத்தான். பிறகு, "அம்மா என் போன எடுக்கறது இல்ல. முடிஞ்சா அத சரி பண்ணுங்க. வேற எதுவும் வேணாம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அவன் அம்மா வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

"என் புள்ள பேரு உங்க வாயில வர வேணாம் பிரதர்."

"ஒரு தடவ போன் எடுங்கம்மா. அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அத சொல்ல நீங்க யாரு? முன்னாடி அவன் விஷயம் எனக்குத் தெரியாது, அவனும் நல்லா இருந்தான். இப்ப அவன் குரலக் கேட்டா எனக்கு அந்த வெள்ளிக்கெழமதான் ஞாபகம் வருது. போங்க."

ஜன்னல் மூடியது. அந்தப் பக்கம் நான் மறுபடி போகவில்லை. அடுத்த வருஷம் அந்த வீட்டில் வேறு ஆட்கள் குடியிருப்பதாகச் சொன்னார்கள். மகனிடம் போனாரா, வேறெங்காவது போனாரா என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை.