கோயிலுக்குள் காய்ந்த சேலைகள்

முல்லைத்தீவுப் பொது மண்டபத்தின் விளக்குகளையும் ஒலியமைப்பையும் மாற்றும் வேலை என்னுடையது. இன்று எதிரொலியைக் குறைக்கச் சுவரெங்கும் துணி போர்த்த பலகைகளைப் பொருத்தி முடித்ததும் கைதட்டிப் பார்த்தேன். எதிரொலியே இல்லை! உடனே ஈரச் சேலை மணம் நினைவில் எழுந்தது.

என் சின்ன வயதில் ஒருநாள், எங்கள் ஊர் நாயாற்றில் விடாத மாரிமழை. அம்மாவும் மற்றப் பெண்களும் கத்தோலிக்கக் கோயிலுக்குள் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள்.

"கோயிலுக்குள்ளையோ?" என்று ஃபாதர் கொதித்தார்.

"வேறை எங்கை ஃபாதர் போடுறது? பாட்டுப் பழகிப்போட்டு எடுக்கிறம்" என்றார் அம்மா.

பாட்டுக்குழுவாக நாங்கள் பாடினோம். வழக்கமாகச் சுவரில் மோதிக் குழம்பும் பாட்டு, அன்று சொல் சொல்லாகக் கேட்டது. ஃபாதர் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

"மற்றப் பக்கமும் கயிறு கட்டுங்கோ!" என்றார்.

இன்று மண்டபத்திலிருந்து வெளியே ஓடிப்போய் அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"அம்மா, சுவரிலை துணி போட்டதும் மண்டபத்திலை எதிரொலி நிண்டிட்டுது!"

"அப்ப காஞ்சாலும் உடுப்பை எடுத்துப்போடாதை, பிள்ளை."